பிறையில் மோட்டார் ஓட்டிய பையன் சட்பரியில் ஸ்னோமொபைல் ஓட்டலாமா?

கேள்வி பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அக்கா கேட்டது. அவருடைய இளைய மகனுக்கு வயது 26. கனரக வாகன மெக்கானிக் வேலை கிடைத்து, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் சட்பரி என்ற ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவர் ஒருவர் தன் பழைய ஸ்னோமொபைலை, அதாவது பனிமேல் ஓட்டும் வண்டியை, 4,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறாராம். "பதினாறு வயதிலிருந்து மோட்டார் ஓட்டுகிறேன், இதை ஓட்ட மாட்டேனா என்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தடுக்கவா, விடவா?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, அதே சட்பரியில் நிக்கல் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷனாக 11 வருடம் இருந்தவன் நான். அதில் ஒன்பது குளிர்காலம் சொந்தமாக ஸ்லெட் வைத்திருந்தேன். அங்கே ஸ்னோமொபைல் என்று முழுப் பெயரையும் யாரும் சொல்வதில்லை. ஸ்லெட் என்பார்கள், இல்லாவிட்டால் ஸ்கிடூ. ஸ்கிடூ என்பது ஒரு கம்பெனி வண்டியின் பெயர்தான்; நாம் எந்தப் பற்பசையையும் கோல்கேட் என்கிறோமே, அந்த மாதிரி. இப்போது புக்கிட் மெர்தாஜாமில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தடுக்காதீர்கள். தடுத்தாலும் வாங்குவான், உங்களிடம் சொல்லாமல் வாங்குவான். ஆனால் "மோட்டார் ஓட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம்" என்கிறானே, அந்தப் பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியே ஓட்டத் தெரியாத ஆளைவிட, பத்து வருடம் கப்சாய் மோட்டார்சைக்கிளில் பிறைக்கும் ஜுருவுக்கும் பறந்த ஆளுக்குத்தான் ஸ்லெட்டில் முதல் வருடம் ஆபத்து அதிகம். நானும் அப்படி ஓர் ஆளாகத்தான் அங்கே போனேன்.

முதல் குளிர்காலம், பிப்ரவரி மாதம். காட்டுக்குள் போகும் பனித்தடம், இரண்டு ஸ்லெட் ஒதுங்கிப் போகிற அகலம்தான். வளைவில் திரும்புகிறேன், எதிரே வெளிச்சம். யோசிக்கவே நேரமில்லை, கை தானாக இடது பக்கம் ஒடித்துவிட்டது. மலேசியாவில் இருபது வருடம் ஆபத்து என்றால் இடது ஓரம் என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. கனடாவில் எல்லாம் வலது பக்கம். நான் ஒதுங்குவதாக நினைத்துப் பாய்ந்தது எதிரே வந்தவருடைய பாதைக்குள். நல்லவேளை, அவர் தடத்தை விட்டு வெளியே பனிக்குள் வண்டியை விட்டார். அறுபது வயது இருக்கும். இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். திட்டவில்லை. "எந்த நாட்டில் ஓட்டப் பழகினாய்?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் வண்டியைத் தோண்டி எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

உங்கள் மகன் எட்டு மாதமாக வலது பக்கம் கார் ஓட்டிப் பழகியிருப்பான், அது சரிதான். ஆனால் தார் ரோட்டில் கோடு இருக்கும், பலகை இருக்கும், முன்னால் ஒரு கார் போகும். எல்லாம் சேர்ந்து நினைவூட்டிக்கொண்டே இருக்கும். காட்டுத் தடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் கிடையாது. பயந்த நொடியில் வெளியே வருவது பழைய பழக்கம்தான். அதற்குப் பிறகு நான் ஸ்லெட்டின் முன்கண்ணாடியின் வலது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் வேகத்தைக் குறைத்து, வலது ஓரத்தை உரசுகிற மாதிரி போவேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நடுவில் வருகிறான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒண்டாரியோவில் தடங்களில் சட்டப்படி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இரண்டு பேரும் சட்டத்தை மதித்து வந்தால்கூட, இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் நொடிக்கு 28 மீட்டர் குறைகிறது. வண்டியோ 150-ஐத் தாண்டக்கூடிய வண்டி. தம்பி எந்த வேகத்தில் போவான் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கால். கப்சாய் சறுக்கினால் காலை ஊன்றுவோம், அது நம்மைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. ஸ்லெட்டில் காலை வெளியே நீட்டவே கூடாது. வண்டி 200 முதல் 300 கிலோ. ஊன்றிய கால் பனிக்குள் புதைந்து நின்றுவிடும், வண்டி நிற்காமல் முன்னால் போகும். நடுவில் மாட்டுவது முழங்கால். கவிழ்கிறது என்று தெரிந்தால் கையை விட்டுவிட்டு வண்டியிலிருந்து விலகி விழ வேண்டும். பனியில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வண்டிக்கு அடியில் மாட்டினால்தான் ஆகும்.

அப்படி விழும்போது வண்டி தன் போக்கில் ஓடாமல் இருக்க ஒரு கயிறு உண்டு. சுருள் கயிறு, ஒரு முனை வண்டியில், மறு முனை ஓட்டுபவரின் சட்டையில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் அதை இழுத்துப் பார்த்து, எஞ்சின் உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். பழைய வண்டிகளில் இது அறுந்து போயிருக்கும், அல்லது "எதற்கு இந்தத் தொல்லை" என்று யாராவது ஒயரை முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். மெக்கானிக் பையன்கள்தான் இந்த வேலையை முதலில் செய்வார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஆக்சிலேட்டரும் வேறு. முறுக்குவது கிடையாது, வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்பை அழுத்த வேண்டும். பிரேக் இடது கையில். கிளட்ச், கியர் எதுவும் இல்லை, பெல்ட் பார்த்துக்கொள்ளும், ஸ்கூட்டர் மாதிரி. இதில் என்ன சிக்கல் என்றால், பயந்தால் மனிதன் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பான். இறுக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தும். மரத்தைப் பார்த்துப் பயந்தவன் மரத்தை நோக்கியே வேகமாகப் போவான். கடுங்குளிரில் அந்த நெம்பே உறைந்து, அழுத்திய இடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே கிளப்புவதற்கு முன் நாலைந்து தடவை அழுத்தி விட்டு, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது பல் துலக்குவது மாதிரி தினசரிப் பழக்கமாக வேண்டும்.

திருப்பத்தில் வண்டி சாயாது, ஆள்தான் சாய வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீயின் அடியில் கார்பைடு கம்பி பதித்திருக்கும், அது பனியைக் கிழித்துப் பிடித்தால்தான் வண்டி திரும்பும். வளைவின் நடுவில் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் ஓடும் ரப்பர் பட்டை பூட்டிக்கொண்டு பின்பக்கம் வழுக்கும். வேகம் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே. இதை ஒரு காலி வயலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினால் வந்துவிடும். ஓட்டுவது கஷ்டமே இல்லை, அக்கா. உங்களையே உட்கார வைத்தாலும் அரை மணி நேரத்தில் ஓட்டுவீர்கள்.

கஷ்டம் ஏரி.

சட்பரி நகர எல்லைக்குள் மட்டும் 330 ஏரிகள். வீட்டுக்குப் பின்னால் ஏரி, வேலைக்குப் போகும் வழியில் ஏரி. குளிர்காலத்தில் அவ்வளவும் உறைந்து, பார்க்க பாடாங் திடல் மாதிரி சமமாகக் கிடக்கும். மரம் இல்லை, வளைவு இல்லை, எதிரே ஆள் இல்லை. இளவட்டங்களுக்குக் கட்டைவிரல் தானாக அழுந்தும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னது தண்ணீருக்கு. ஐஸில் ஆழம் என்ன, கனம்தான் பிரச்சினை, அது மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

எவ்வளவு கனம் வேண்டும்? 12 செண்டிமீட்டர் போதும் என்று அங்கே பலர் சொல்வார்கள். கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஒரு ஆள் நடக்க 15, ஸ்னோமொபைலுக்கு 25 என்கிறது. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்று தம்பி கேட்டால், பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன எண் என்பது நல்ல ஐஸுக்கு. எல்லா ஐஸும் நல்ல ஐஸ் அல்ல. கண்ணாடி போலத் தெளிவாக, நீலமாக இருப்பது உறுதியானது. பால் மாதிரி வெள்ளையாக இருப்பது பனியும் தண்ணீரும் கலந்து உறைந்தது, பாதி பலம்தான். சாம்பல் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பக்கமே போகக் கூடாது.

இந்த நிறமெல்லாம் மேலே பனி மூடாதபோதுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கேதான் நம் ஊர்க்காரன் ஏமாறுவான். நிறையப் பனி பெய்திருக்கிறது, நல்ல குளிர்காலம், ஆகவே ஏரி நன்றாக உறைந்திருக்கும் என்று நினைப்பான். நடப்பது நேர்மாறு. பனி ஒரு கம்பளி. ஏரி உறைய ஆரம்பித்த உடனே அடர்ந்த பனி பெய்துவிட்டால், வெளியே இருக்கும் குளிர் உள்ளே இறங்காமல் அந்தக் கம்பளி தடுத்துவிடும். அடியில் ஐஸ் தடிக்காது. அதோடு பனியின் பாரம் ஐஸை அழுத்த, வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கும் ஐஸுக்கும் நடுவில் கூழ் மாதிரி நிற்கும். மேலே பார்த்தால் அழகான வெள்ளை. உள்ளே இறங்கினால் வண்டி அந்தக் கூழில் புதையும், நின்றால் அப்படியே உறைந்து சிமெண்ட் ஆகிவிடும். இறங்கிவிட்டது என்று தெரிந்தால் நிற்காமல், திருப்பாமல், ஒரே சீராக ஓட்டி வெளியேறப் பார்க்க வேண்டும்.

ஒரே ஏரியில் ஓர் இடத்தில் 40 செண்டிமீட்டர் இருக்கும், நூறு அடி தள்ளி 8 இருக்கும். ஆறு வந்து கலக்கும் வாய், இரண்டு தீவுக்கு நடுவே உள்ள இடுக்கு, பாலத்தின் அடி, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே பாறை இருக்கும் இடம், படகுத்துறை ஐஸில் நொறுங்காமல் இருக்கக் காற்றுக்குமிழ் விடுகிற இடம்: இவை எல்லாம் மெல்லிசு. தெலுக் பகாங்கில் மீன் பிடிக்கிறவர்கள் மேகத்தைப் பார்த்தே படகை இறக்குவதா வேண்டாமா என்று சொல்கிறார்களே, அந்த அறிவு அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏரியைப் பற்றி உண்டு. அவர்களே ஒவ்வொரு வருடமும் விழுகிறார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஆள் அந்த அறிவு தனக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே நான் தம்பிக்குப் போடும் நிபந்தனை: முதல் குளிர்காலம் முழுக்க, ஸ்னோமொபைல் கிளப்காரர்கள் கம்பு நட்டு அடையாளம் வைத்த தடத்தைத் தவிர எந்த ஏரியிலும் ஏறக் கூடாது. கம்பு நட்ட தடமும் திறந்திருக்கிறது என்று அறிவித்த பிறகுதான். கம்புக்கு வெளியே "குறுக்கு வழி" என்று யார் கூப்பிட்டாலும், ஊர் பெரிய மனிதரே கூப்பிட்டாலும், போகக் கூடாது. இரண்டாம் வருடம் ஏற ஆசைப்பட்டால், தானே துளை போட்டு அளக்கட்டும். மெக்கானிக்தானே, கையில் கார்ட்லெஸ் டிரில் இருக்கும். மரத்தில் துளை போடும் நீள பிட் ஒன்று மாட்டினால் அரை நிமிட வேலை. போகப் போக அளந்துகொண்டே போக வேண்டும். கரையில் ஒரு துளை போட்டுவிட்டு ஏரி முழுக்க அதே கனம் என்று நம்புவது, பானையில் அடிச்சோறு தீய்ந்திருப்பது தெரியாமல் மேலே ஒரு சோறு எடுத்துப் பார்க்கிற கதை.

விழுந்துவிட்டால்? இதை நீங்கள் படிக்க வேண்டாம், தம்பிக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியராக ஆராய்ந்தவர் கோர்டன் கீஸ்பிரெக்ட். உறைநீரில் தானே இறங்கி இறங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும். குளிரின் அதிர்ச்சியில் நெஞ்சு தானாக ஏங்கி ஏங்கி இழுக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு மூச்சைச் சீராக்குவது மட்டும். அடுத்த 10 நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். ஏறுவதாக இருந்தால் அதற்குள் ஏற வேண்டும். அதற்குப் பிறகு விரல் மடங்காது. ஆனால் உடம்பின் உள்சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல, முதல் நிமிடப் பதற்றம். உறைநீரில் விழுந்தால் இரண்டு நிமிடத்தில் உயிர் போய்விடும் என்று நம்புகிறவன் அந்த நம்பிக்கையாலேயே போய்விடுவான்.

திரும்ப வேண்டியது வந்த திசைக்கு. உன்னை அதுவரை தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது, முன்னால் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. சட்டையைக் கழற்றாதே, உள்ளே சிக்கிய காற்று உன்னை மிதக்க வைக்கும். கையை ஐஸ் மேல் நீட்டி, காலை மீன் மாதிரி உதைத்து உடம்பைப் படுக்கையாக்கி, வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். நீச்சல் குளத்தில் கைப்பலத்தால் எம்பி ஏறுகிற மாதிரி முயன்றால் விளிம்பு உடைந்துகொண்டே போகும். ஈர ஐஸில் கையுறை பிடிக்காது. அதற்குத்தான் ஐஸ் ஊசி: இரண்டு கைப்பிடி, முனையில் ஆணி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. விலை இரண்டு தட்டு நாசி கண்டார் விலைதான் இருக்கும். பைக்குள் வைத்தால் பயனில்லை, கழுத்தில்தான் தொங்க வேண்டும். ஏறிய பிறகு எழுந்து நிற்காதே. வந்த வழியிலேயே உருண்டு போ.

இனி நீங்கள் படிக்கலாம்.

குளிரைப் பற்றி. பினாங்குப் பாலத்தில் மழையில் நனைந்துகொண்டு மோட்டாரில் போனால் நமக்குப் பல் கிட்டுகிறது, அதுவும் 27 டிகிரியில். சட்பரியில் மைனஸ் 20 என்பது ஜனவரி மாதத்தில் செய்தியே அல்ல. அந்த நாளில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், காற்று தோலுக்கு மைனஸ் 36 மாதிரி உறைக்கும். தோலில் ஓர் ஐம்பது சென் காசு அளவு இடம் திறந்திருந்தாலும் அது வெளுத்து மரத்துப்போகும். வலித்தால் பரவாயில்லை. வலி நின்றுவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

ஜீன்ஸ், பருத்தி பனியன் கூடவே கூடாது. ஸ்லெட் ஓட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலை போலத் தெரியும், ஆனால் வேர்க்கும். பருத்தி வேர்வையைக் குடித்து ஈரத்தை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் சூடு பிடிக்கும் ஒன்று, வெளியே காற்றும் நீரும் நுழையாத சூட். மிதக்க உதவும் சூட் என்றே தனியாக விற்கிறார்கள், ஏரி ஊரில் இருப்பவன் காசைப் பார்க்காமல் அதை வாங்கலாம். இங்கிருந்து கொண்டுபோன மோட்டார் ஹெல்மெட் உதவாது. மூச்சுக் காற்று கண்ணாடியில் பட்டு உடனே உறைந்து, முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். பனிக்கென்றே செய்த, சூடாகும் கண்ணாடி உள்ள ஹெல்மெட் வேண்டும். அக்கா, நீங்கள் அன்பாக ஒரு நீளச் சால்வை பின்னி அனுப்பலாம் என்று நினைத்திருந்தால், அதை வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தொங்கும் துணி எதுவும் சுழலும் பட்டைக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

காகித வேலை சுருக்கமாக: வாங்கியவுடன் பெயர் மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டினால் இன்சூரன்ஸ் கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம். ஒண்டாரியோ கார் லைசென்ஸ் இருந்தால் ஸ்லெட்டுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. இருந்தாலும் கிளப்கள் நடத்தும் ஓட்டுநர் வகுப்பில் சேரட்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட வேண்டாம். தடத்தில் ஓட்ட பெர்மிட் தனியாக வாங்க வேண்டும். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் தடத்தைக் கிளப்களின் கூட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது, அந்தக் காசு அதற்குத்தான் போகிறது. எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று அவர்களுடைய வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுவார்கள். சிவப்பு என்றால் அன்றைக்கு வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கலாம்.

அந்தத் தடம் யாருடைய நிலம் என்பது புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. சில இடம் அரசாங்கக் காடு என்றாலும், நிறைய இடத்தில் யாரோ ஒரு விவசாயி "போய்க்கொள்ளுங்கள்" என்று விட்ட வழி. பாலிக் பூலாவில் ஒருவர் தன் டுரியான் தோட்டத்துக்குள் ஊர்க்காரர்கள் நடக்கப் பாதை விட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஒரு பயல் வேலியைத் தாண்டி மரத்துப் பக்கம் போனால் மறுநாள் கேட்டில் பூட்டு தொங்கும், எல்லாருக்கும் வழி போய்விடும். அங்கேயும் அதே கதைதான். பனிக்குக் கீழே ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாது; குளிர்காலக் கோதுமை விதைத்த வயலாக இருக்கலாம், ஓட்டினால் பனி இறுகிப் பயிர் சாகும். ஒரு ஆள் தடத்தை விட்டு வயலில் வட்டமடித்ததால் மூடப்பட்ட பாதையால், மற்றவர்கள் இருபது கிலோமீட்டர் சுற்றிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மான் கூட்டத்தைத் துரத்தி விளையாடுவதும் அந்த வகைதான். குளிர்காலத்தில் மான் சேர்த்துவைத்த கொழுப்பில் நாளை ஓட்டுகிறது. ஐந்து நிமிடம் ஓட வைத்தால் அது மார்ச் மாதம் சாகிற மான். பார்த்தால் எஞ்சினைத் தணித்து, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் எக்ஸோஸ் பைப்பை மாற்றுவது. நம் ஊரில் மோட்டார் பந்தயம் ஓட்டும் ரெம்பிட் பயல்கள் இரவு இரண்டு மணிக்குக் கிளப்பும் சத்தத்துக்கு நீங்கள் என்னென்ன சாபம் விட்டிருப்பீர்கள்! அந்தச் சாபத்தை உங்கள் மகன் சட்பரியில் வாங்க வேண்டாம். கம்பெனி போட்ட பைப்பே போதும், வீடுகளுக்குப் பக்கத்தில் மெதுவாகப் போனால் போதும்.

இந்த வண்டி விளையாட்டுக்காகப் பிறந்ததும் அல்ல. கியூபெக்கில் வால்கூர் என்ற சின்ன ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் குடல்வால் வெடித்துவிட்டது. பாதையெல்லாம் பனி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை, குழந்தை இறந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, பனியில் ஏழு பேரை ஏற்றிப் போகும் வண்டியை அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். டாக்டரும் தபால்காரரும் அதில்தான் போனார்கள். ஒரு ஆள் ஓட்டும் சின்ன ஸ்கிடூ அவர் கம்பெனியிலிருந்து வந்தது 1959-இல். மெக்கானிக் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பிடிக்கும்.

மது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அங்கே தடத்தோரம் மதுக்கடை உண்டு, வாசலில் இருபது ஸ்லெட் நிற்கும். ஒண்டாரியோ போலீஸ் ஒவ்வொரு குளிர்காலமும் வேகம், குடி, மெல்லிய ஐஸ் என்ற மூன்றையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. குடித்துவிட்டு ஸ்லெட் ஓட்டிப் பிடிபட்டால் போவது கார் லைசென்ஸ். வேலைக்காகப் போன பையனுக்கு அந்த ஊரில் கார் இல்லாமல் வேலையே இல்லை. இன்னொன்று, "குளிருக்கு ஒரு மடக்கு" என்பது சுத்தப் பொய். சாராயம் தோலில் இரத்தத்தை ஏற்றிச் சூடு மாதிரி காட்டும், அந்தச் சூடு உடம்பின் உள்ளே இருந்து திருடியது.

இரவு ஓட்டமும் முதல் வருடம் வேண்டாம். 50-இல் போனால் கண் பார்த்து மூளைக்கு உறைத்துக் கை அசைவதற்குள் இருபது மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் பிரேக். முன்னால் போகிறவன் கிளப்பும் பனித்தூளில் விளக்கு வெளிச்சம் சுவரில் அடித்த மாதிரி திரும்பி வரும். தனியாகப் போகக் கூடாது. போகும் வழியும் திரும்பும் நேரமும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கைப்பேசிக்கு ஊரைத் தாண்டினால் சிக்னல் இருக்காது. வண்டியில் எப்போதும் உதிரி பெல்ட், ஸ்பார்க் பிளக், இழுகயிறு, தலை விளக்கு, நெருப்பு மூட்ட இரண்டு வழி, கொஞ்சம் சாப்பாடு. பெல்ட் அறுந்தால் அது காட்டில் 40 கிலோமீட்டர் உள்ளேதான் அறும், வீட்டு வாசலில் அறாது. என் பெல்ட் இரண்டு முறை அறுந்தது, இரண்டும் அப்படித்தான்.

யாராவது ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குக் கூப்பிட்டால், அது வேறு விளையாட்டு. அங்கே கொல்வது பனிச்சரிவு. சரிவு எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்து, சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் வைத்துக்கொண்டு, அதற்கான வகுப்பும் முடித்த பிறகு பார்க்கலாம்.

கடைசியாக அந்த 4,000 டாலர் வண்டி. விற்பவரிடம் தம்பி இப்படிச் சொல்லட்டும்: "நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்பாதீர்கள்." சூடான எஞ்சின் எல்லாமே நன்றாகக் கிளம்பும், ஆறிக் கிடப்பது கிளம்பினால்தான் எஞ்சின். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். ரப்பர் பட்டையின் பற்கள் பிய்ந்திருக்கிறதா, உள்ளே ஓடும் பிளாஸ்டிக் சட்டங்கள் தேய்ந்திருக்கிறதா என்று படுத்துப் பார்க்கட்டும். அந்தச் சட்டத்தைக் குளிர்விப்பது பனிதான், பனியில்லாத வெறும் ஐஸிலும் ரோட்டிலும் ஓட்டிய வண்டியில் அது உருகியிருக்கும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு இருக்கும். சிரிக்க வேண்டாம், கோடை முழுக்கச் சும்மா நிற்கும் வண்டியில் எலிதான் குடியிருக்கும், ஒயரையும் தின்றிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இருக்கைக்கு அடியில் ஓடும் அலுமினியச் சட்டத்தில் மடிப்பு, விரிசல், புது ரிவெட் ஏதும் தெரிகிறதா என்பது. தெரிந்தால் அந்த வண்டி எங்கேயோ மரத்தில் மோதியிருக்கிறது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்கிறவர் கூட வேலை செய்பவர் என்பதால் பார்க்கக் கூச்சப்படுவான். பரவாயில்லை, அந்த அலுமினியச் சட்டத்தை இரண்டு பக்கமும் அடியிலிருந்து படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.